பூட்டைச் சோதிக்க இரண்டாவது ப்ராசஸ் வேண்டும்: கோப்பு வாசிப்பு லைப்ரரிக்கு எந்த டெஸ்ட் வழி?

கோப்பைத் திறந்து படிக்கவும், படித்து முடியும்வரை அடுத்தவர் கைவைக்காமல் பூட்டி வைக்கவும் ஒரு லைப்ரரி எழுதுகிறோம். அதற்கு யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியாகச் சோதிக்கும் நிரல்) எழுத உட்கார்ந்தால் நான்கு வழிகள் முன்னால் நிற்கும். கோப்பைத் திறக்கும் ஓப்பன் ஃபங்ஷனையே போலியாக மாற்றிவைப்பது ஒன்று. நினைவகத்துக்குள் ஒரு முழுப் போலிக் கோப்பு முறைமையைக் கட்டிக்கொள்வது இன்னொன்று. தற்காலிகக் கோப்புறையில் உண்மையான கோப்பை உருவாக்கி, டெஸ்ட் ஓடும் அதே ப்ராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒவ்வொன்றும் ஒரு ப்ராசஸ்) சோதிப்பது மூன்றாவது. அந்த உண்மையான கோப்பை இரண்டாவது ப்ராசஸ் ஒன்றைக் கிளப்பி அதன் பக்கமிருந்தும் தொட்டுப் பார்ப்பது நான்காவது. நான் பைத்தானை வைத்துத்தான் பேசுகிறேன், ஆனாலும் பூட்டைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி எந்த மொழிக்கும் பொருந்தும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கும் பகுதியையும் பூட்டும் பகுதியையும் ஒரே வழியில் சோதிக்கப் பார்க்காதீர்கள். படிப்புக்கு டிஸ்க்கே தேவையில்லாத டெஸ்ட் போதும். பூட்டுக்கு உண்மையான டிஸ்க்கும் இரண்டாவது ப்ராசஸும் கட்டாயம் வேண்டும். போலி ஓப்பனுக்கு மிகச் சிறிய இடம்தான் உண்டு.

இதில் நான் இவ்வளவு அழுத்தமாக இருப்பதற்கு எங்கள் ஊர் வேலைதான் காரணம். மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் இந்த மாதிரி லைப்ரரி எதற்குப் பயன்படுகிறது என்று பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி நிறுவை மேடையில் ஏறுகிறது. மேடையோடு இணைத்த கணினி எடையை ஒரு வரியாக டெக்ஸ்ட் கோப்பின் கடைசியில் சேர்க்கிறது. தோட்ட ஆபீஸில் கிராணியின் (எழுத்தரின்) கணினி அதே கோப்பைப் பகிர்வுக் கோப்புறை வழியாகத் திறந்து, எந்தக் குழு வெட்டிய பழம் எவ்வளவு என்று சம்பளக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7ஆம் நாளுக்குள் சம்பளம் கைக்குப் போயாக வேண்டும். அதனால் மாதத்தின் முதல் வாரத்தில் இரண்டு பக்கமும் ஒரே கோப்பைப் போட்டிபோட்டுத் தொடும்.

8420 கிலோ என்று எழுதவேண்டிய வரியில் 842 வரைக்கும் டிஸ்க்கில் விழுந்த கணத்தில் கிராணியின் நிரல் படித்துவிட்டது என்று வையுங்கள். எந்தப் பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் 842 என்பதும் ஒழுங்கான எண்தான். கணக்கு ஓடும், சீட்டு அச்சாகும். வெட்டுக்கூலி குறைந்து வந்தாலும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025 பிப்ரவரியிலிருந்து சட்டம் இருப்பதால், குறைகிற தொகையை முதலாளி நிரப்பித் தருவார். கையில் வந்த 1,700ஐப் பார்த்து, உழைத்துச் சம்பாதித்த கூடுதல் காசு காணாமல் போனது தொழிலாளிக்குத் தெரியாமலே போகும். தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தை நம்பித்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு இலக்கம் விழுந்துபோவதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது.

போலி ஓப்பன்: வேகம் உண்டு, சாட்சி இல்லை

பைத்தானின் யூனிட்டெஸ்ட் மாக் தொகுதி 3.3ஆம் பதிப்பிலிருந்து மொழியோடு சேர்ந்தே வருகிறது. அதில் உள்ள மாக் ஓப்பனை எடுத்து, "இந்தக் கோப்பில் இந்த மூன்று வரிகள் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டால் டிஸ்க் பக்கமே போகாமல் டெஸ்ட் ஓடிவிடும். கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகள் முதலில் கற்றுக்கொண்டு வருவதும் இதைத்தான்.

இது எதைச் சோதிக்கிறது? உங்கள் நிரல் ஓப்பனை அழைத்ததா, எந்தப் பெயரைக் கொடுத்தது என்பதை மட்டும்தான். எழுத்துக் குறியாக்கத்தைத் தப்பாகக் கொடுத்தாலும் போலிக்கு அக்கறையில்லை, வாங்கி வைத்துக்கொள்ளும். வரிமுடிவுக் குறி விண்டோஸ் பாணியா லினக்ஸ் பாணியா என்று அது பார்க்காது. கோப்பைச் சுழற்சியில் வரிவரியாகப் படிக்கும் ஆதரவே பைத்தான் 3.8ஆம் பதிப்பில்தான் அதற்கு முறையாக வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிரலின் உள்ளமைப்போடு டெஸ்ட்டைக் கட்டிப்போட்டுவிடும். ஓப்பனை நேராக அழைத்த இடத்தில் நாளைக்குப் பாத்லிப் என்ற பைத்தான் தொகுதியின் வசதிக்கு மாறினால், அது உள்ளே ஐஓ தொகுதியின் ஓப்பனை அழைக்கும், உங்கள் போலியைத் தொடாது. நிரல் சரியாக இருக்கும், டெஸ்ட் உடையும். பூட்டு விஷயத்தில் நிலைமை தலைகீழ்: பூட்டும் ஃபங்ஷனையும் போலியாக்கினால் நிரல் தவறாக இருந்தாலும் டெஸ்ட் பச்சையாகவே நிற்கும். பூட்டச் சொல்லிக் கேட்டோம் என்பதற்குத்தான் அது சாட்சி, பூட்டியதா என்பதற்கு இல்லை.

நினைவகக் கோப்பு முறைமை

பைஃபேக்எஃப்எஸ் என்ற லைப்ரரி இதைவிட எவ்வளவோ மேல். கூகளில் பிறந்து, பிறகு திறந்த மூலமாக வெளிவந்தது. கோப்புறை, அனுமதி, பெயர் மாற்றம், அழித்தல் எல்லாவற்றையும் நினைவகத்தில் நடித்துக் காட்டும். லினக்ஸில் உட்கார்ந்துகொண்டு விண்டோஸ் பாதைகளைச் சோதிக்கலாம். டிஸ்க் கொள்ளளவை இவ்வளவுதான் என்று வைத்து, நிரம்பிப்போனால் நிரல் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். உண்மை டிஸ்க்கை நிரப்பிச் சோதிக்க யாருக்கும் மனம் வராது என்பதால் அந்த வசதி எனக்குப் பிடித்தமானது. கோப்புறைகளைச் சுற்றிவந்து பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வகை நிரலுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

ஆனால் பூட்டு என்று வந்தவுடன் இதுவும் கைவிரித்துவிடும். லினக்ஸில் பூட்டு போடும் எஃப்கன்ட்ரோல் தொகுதியை அது பிடித்து, ஒன்றுமே செய்யாத ஃபங்ஷன்களாக மாற்றிவைக்கிறது. பூட்டு கேட்டால் பிழை வராது, பூட்டும் விழாது. இதைத் தெரியாமல் பூட்டு டெஸ்ட்டையும் அதன்மேல் ஓட்டினால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் தனிப் பூட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். கோ மொழிக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. 2021இல் 1.16ஆம் பதிப்போடு வந்த மேப்எஃப்எஸ் என்ற நினைவகக் கோப்பு முறைமை வாசிப்பு டெஸ்ட்டுக்கு அருமையானது, ஆனால் பூட்டுக்கு அதில் இடமே இல்லை.

வாசிப்பு: டிஸ்க்கை விட்டு வெளியே கொண்டுவாருங்கள்

வாசிப்புப் பகுதியில் நான் செய்யச் சொல்வது நிரலை இரண்டாகப் பிரிப்பது. கோப்பைத் திறந்து பூட்டும் ஃபங்ஷன் தனி. திறந்த பைட் ஓட்டத்தை வாங்கி வரிகளாகப் பிரித்து எடைகளாக்கித் தரும் ஃபங்ஷன் தனி. இரண்டாவதற்குக் கோப்பின் பெயரே தெரியவேண்டியதில்லை. நினைவகத்தில் இருந்துகொண்டு கோப்புபோல நடந்துகொள்ளும் பைட்ஸ்ஐஓ ஒன்றைக் கொடுத்தால் போதும், எந்தப் போலியும் இல்லாமல் மில்லிசெகண்டுக்குள் டெஸ்ட் முடியும். பைட் ஓட்டத்தைக் கொடுங்கள், சரத்தை அல்ல. சரமாகக் கொடுத்தால் குறியாக்கப் பிழைகள் அத்தனையும் டெஸ்ட்டுக்கு வெளியே போய்விடும்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பு என்றால் இங்கேதான் வேலை அதிகம். மாரியம்மா என்ற பெயர் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 9 குறியீடு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் என்பதால் மொத்தம் 27 பைட். நிரல் 4096 பைட்டாக வெட்டி வெட்டிப் படித்தால், வெட்டு ஒரு குறியீட்டின் நடுவில் விழ எல்லா வாய்ப்பும் உண்டு. அந்தத் துண்டை மட்டும் எடுத்து எழுத்தாக மாற்றினால் பிழை வரும். பிழையை அடக்கும் விருப்பத்தைப் போட்டிருந்தால் பெயரின் நடுவில் கேள்விக்குறி விழும். இதைச் சோதிக்கப் பெரிய கோப்பு வேண்டாம். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஒரே ஒரு பைட்டை மட்டும் தரும் ஒரு சின்ன ஓட்ட வகுப்பை எழுதி, அதே பெயரை அதன் வழியாகப் படியுங்கள். முழுதாகப் படித்ததும் பைட் பைட்டாகப் படித்ததும் ஒன்றாக வரவேண்டும். வாசிப்பு டெஸ்ட்களில் எனக்கு ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இன்னொரு பொறி, பெயர் ஒப்பிடுவதில். கோவிந்தன் என்ற பெயரின் முதல் எழுத்தை க-வோடு ஓகாரக் குறி ஒன்றே சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக வந்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பைட்டில் வேறு. நிறுவை மேடையில் ஒரு மென்பொருளில் தட்டிய பெயரும் ஆபீஸில் வேறு மென்பொருளில் தட்டிய பெயரும் சேராமல் போனால் இதைச் சந்தேகப்படுங்கள். யூனிகோட் இயல்பாக்கம் செய்து, அதாவது இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டு, ஒப்பிட வேண்டும். அதற்கு இரண்டு வடிவத்தையும் பைட்டாகவே எழுதிவைத்த டெஸ்ட் ஒன்று போதும்.

கோப்பின் தொடக்கத்தில் வரும் மூன்று பைட் அடையாளக் குறியையும் விடாதீர்கள். விண்டோஸ் 10இன் 1903ஆம் பதிப்பிலிருந்துதான் நோட்பேட் அந்தக் குறி இல்லாமல் யூடிஎஃப்-8 சேமிப்பதை இயல்பாக்கியது. தோட்ட ஆபீஸ் கணினிகள் அவ்வளவு புதிதாக இருக்கும் என்று நம்ப முடியாது. குறி உள்ளது, இல்லாதது இரண்டுக்கும் ஒரே முடிவு வரவேண்டும்.

கடைசியாக அந்த 842. வரிமுடிவுக் குறி இல்லாத கடைசி வரியை நம்பக்கூடாது என்பது நிரலின் விதியாக இருக்க வேண்டும். டெஸ்ட்டில் 8420 வரியைப் பைட் பைட்டாகக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த வெட்டிலும் நிரல் தவறான எடையைத் தரவில்லை என்று பாருங்கள். முழு வரி வரலாம், அல்லது எதுவும் வராமல் இருக்கலாம். நடுவில் ஒன்று வரக்கூடாது. பூட்டு எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த விதி வேண்டும், ஏனென்றால் எழுதும் பக்கத்து மென்பொருள் உங்கள் பூட்டை மதிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. லினக்ஸில் இந்தப் பூட்டுகள் பூட்டைக் கேட்டு மதிக்கும் நிரலை மட்டும்தான் தடுக்கும். கட்டாயப் பூட்டு என்று ஒன்று இருந்ததையும் 5.15ஆம் கெர்னலோடு (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) எடுத்துவிட்டார்கள்.

ஒரே ப்ராசஸுக்குள் பூட்டைச் சோதித்தால்

பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவி தரும் தற்காலிகக் கோப்புறை வசதியால் மூன்றாவது வழி மிகச் சுலபம். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனிக் கோப்புறை கிடைக்கும், கடைசி மூன்று ஓட்டங்களின் கோப்புறைகளை அது வைத்திருக்கும் என்பதால் உடைந்த பிறகு போய்ப் பார்க்கவும் முடியும். கோப்பை ஒருமுறை திறந்து பூட்டு, மறுபடி திறந்து பூட்டக் கேள், இரண்டாவது மறுக்கப்பட வேண்டும். நியாயமான டெஸ்ட் மாதிரித் தெரிகிறது.

இது எந்தப் பூட்டு என்பதைப் பொறுத்து இரண்டு விதமாக ஏமாற்றும். லினக்ஸில் ஃப்ளாக் என்ற பூட்டு, கோப்பைத் திறந்த அந்தத் திறப்போடு ஒட்டிக்கொள்கிறது. ஒரே ப்ராசஸ் இரண்டு முறை திறந்தால் இரண்டும் மோதும். டெஸ்ட் எதிர்பார்த்தபடி நடக்கும். ஆனால் போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) பூட்டு, அதாவது பைத்தானில் லாக்எஃப் என்ற பெயரில் கிடைப்பது, ப்ராசஸோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரே ப்ராசஸ் எத்தனை முறை கேட்டாலும் கெர்னல் கொடுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் இருந்துகொண்டு கதவைத் திறந்து பார்த்து, பூட்டு பிடிக்கவில்லை என்று சொல்வது போன்றது அந்த டெஸ்ட்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. போசிக்ஸ் பூட்டு போட்ட ப்ராசஸ், அதே கோப்பை வேறொரு இடத்தில் சும்மா திறந்து படித்துவிட்டு மூடினால், முதலில் போட்ட பூட்டும் சத்தமில்லாமல் போய்விடும். லைப்ரரியில் பூட்டும் ஃபங்ஷன் ஒரு பக்கம் கோப்பைப் பிடித்திருக்க, கோப்பின் அளவைச் சரிபார்க்கும் உதவி ஃபங்ஷன் அதைத் தனியாகத் திறந்து மூடினால் போதும், பாதுகாப்பு போய்விட்டது. உள்ளிருந்து கேட்டால் இது தெரியவே தெரியாது. யார் பூட்டியிருக்கிறார்கள் என்று கெர்னலைக் கேட்டாலும், கேட்பவரின் சொந்தப் பூட்டை அது சொல்லாது. எஸ்க்யூலைட் தரவுத்தளம் இந்த ஒரு நடத்தைக்காகவே தன் நிரலுக்குள் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. லினக்ஸ் 3.15இல் திறப்போடு ஒட்டும் புதிய வகைப் பூட்டு வந்தது இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான்.

ஜாவா எழுதுபவர்களுக்கு வேறு அனுபவம். அங்கே பூட்டு முழு ஜேவிஎம்முக்கும் (ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் எந்திரம்) சொந்தம். அதே ஜேவிஎம்முக்குள் இரண்டாவது முறை கேட்டால் மறுப்பு வராது, தனியான ஒரு எக்ஸெப்ஷன் வெடிக்கும். அந்த எக்ஸெப்ஷனை எதிர்பார்த்து எழுதிய டெஸ்ட், வெளியாள் ஒருவர் வந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவே சொல்லாது.

இரண்டாவது ப்ராசஸ்

ஆகவே பூட்டுக்கு நான்காவது வழி. இது மெதுவானது, நம்ப முடியாதது, ஒருநாள் ஓடும் ஒருநாள் உடையும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அப்படி ஆவதற்குப் பெரும்பாலும் ஸ்லீப்தான் காரணம். துணை ப்ராசஸைக் கிளப்பிவிட்டு, ஒரு செகண்ட் தூங்கி, அதற்குள் பூட்டியிருக்கும் என்று நம்புவது. கணினி கொஞ்சம் களைத்திருந்தால் ஒரு செகண்ட் போதாது. பயந்து ஐந்து செகண்ட் ஆக்கினால் டெஸ்ட் தொகுப்பே ஊர்ந்து போகும்.

தூங்கவே வேண்டாம். துணை ப்ராசஸ் கோப்பைப் பெயரால் தானே திறந்து பூட்டட்டும். பூட்டியவுடன் தன் வெளியீட்டுக் குழாயில் ஒரு வரி எழுதட்டும், பிறகு உள்ளீட்டுக் குழாயில் ஒரு வரி வரும்வரை காத்திருக்கட்டும். டெஸ்ட் அந்த முதல் வரியைப் படித்தபின், காத்திருக்காமல் உடனே பதில் தரும் வகையில் பூட்டைக் கேட்கும், மறுக்கப்பட வேண்டும். பிறகு துணைக்கு ஒரு வரி அனுப்பி, அது முடிந்தவுடன் மறுபடி கேட்கும், கிடைக்க வேண்டும். எங்கேயும் நேரத்தை ஊகிக்கவில்லை. டெஸ்ட் பாதியில் செத்தாலும் உள்ளீட்டுக் குழாய் மூடிக்கொள்ளும், துணையும் தானாக முடிந்துவிடும். ஒரு பைத்தான் ப்ராசஸ் கிளம்பச் சில பத்து மில்லிசெகண்ட் ஆகும், அவ்வளவுதான் செலவு.

இதில் கவனிக்க வேண்டியவை சில. வெளியீடு குழாய்க்குப் போகும்போது பைத்தான் அதைச் சேர்த்துவைத்துத்தான் அனுப்பும், எழுதியவுடன் ஃப்ளஷ் செய்து உடனே தள்ளிவிடாவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும். அந்த வரியைத் தமிழில் எழுத ஆசைப்படாதீர்கள், பழைய குறியாக்கம் உள்ள விண்டோஸ் குழாயில் துணை அங்கேயே விழுந்துவிடும். ஒரு எண் போதும். துணையை ஃபோர்க் செய்து, அதாவது டெஸ்ட் ப்ராசஸின் நகலாக, உருவாக்கித் தாயின் திறப்பையே பயன்படுத்தவும் கூடாது. ஃப்ளாக் பூட்டு திறப்போடு போவதால் பிள்ளையும் அதே பூட்டைப் பகிர்ந்துகொள்ளும், போசிக்ஸ் பூட்டோ ஃபோர்க்கில் பிள்ளைக்கு வராது. புதிய ப்ராசஸ், புதிய திறப்பு என்றால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை.

இதே கட்டமைப்பில் இன்னும் இரண்டு டெஸ்ட் கிடைக்கும். ஒன்று, பூட்டிய துணையை நடுவில் கொன்றுவிட்டுப் பூட்டைக் கேட்பது. மாலை நேர இடிமழையில் கரண்ட் போவது எங்கள் பக்கம் வழக்கம், ஆதலால் இதை நான் விடமாட்டேன். கெர்னல் பூட்டு என்றால் ப்ராசஸ் சாகும்போது தானாக விடுபடும். பூட்டுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அது இருந்தால் பூட்டியிருக்கிறது என்று கொள்ளும் முறையில், செத்தவனின் கோப்பு அப்படியே கிடக்கும். அதில் ப்ராசஸ் எண்ணை எழுதிவைத்தாலும், கணினி மறுபடி கிளம்பியபின் அந்த எண் வேறொரு நிரலுக்குப் போயிருக்கலாம். இந்த ஒரு டெஸ்ட் போதும், எந்தப் பூட்டு முறையைத் தேர்வது என்பதையே தீர்மானித்துவிடும்.

மற்றது, பூட்டிய கோப்பைப் பெயர்மாற்றி இடம் பிடிக்கும் நிலைமை. எழுதுபவர் புதிய கோப்பை எழுதிப் பழையதன் பெயருக்கு மாற்றுகிறார். அதே நேரம் பழைய கோப்பின் பூட்டுக்காகக் காத்திருந்தவருக்குப் பூட்டு கிடைக்கிறது, ஆனால் அவர் கையில் இருப்பது பெயரில்லாத பழைய கோப்பு. பூட்டு கிடைத்தபின் தன் திறப்பும் அந்தப் பெயரில் இப்போது இருக்கும் கோப்பும் ஒன்றுதானா என்று ஐநோட் எண்ணை (கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் தரும் அடையாள எண்) ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி திறக்க வேண்டும். இரண்டு ப்ராசஸும் குழாய் வழி கைகாட்டலும் இல்லாமல் இந்த வரிசையை வேண்டும்போது வரவைக்க முடியாது.

மறுப்பு எந்த வடிவில் வரும் என்பதிலும் போசிக்ஸ் இரண்டு பிழைக் குறிகளை அனுமதிக்கிறது. பைத்தானில் ஒன்று அனுமதிப் பிழையாகவும் மற்றது தடைப் பிழையாகவும் தெரியும். லைப்ரரி இரண்டையும் தன் சொந்தப் பிழை ஒன்றாக மாற்றித் தரவேண்டும், டெஸ்ட் அதை மட்டும் எதிர்பார்க்க வேண்டும்.

விண்டோஸும் பகிர்வுக் கோப்புறையும்

மேலே சொன்னதை லினக்ஸில் மட்டும் ஓட்டிவிட்டு நிம்மதியடைவது சரியில்லை, ஏனென்றால் கிராணியின் மேசையில் இருப்பது விண்டோஸ். அங்கே பூட்டு கட்டாயமானது. பூட்டிய பைட்டுகளை வேறொருவர் படிக்கப் போனாலே பிழை எண் 33 வரும்.

கிராணிகள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, சீட்டு எடுக்கலாம்னு தொறந்தா வேற ஆளு பிடிச்சிருக்குன்னு சொல்லுது. யாரு பிடிச்சிருக்கா, அதைச் சொல்லக்கூடாதா?" "சொல்லலாம் ஐயா, பூட்டுனவங்க பேரை அதுலயே எழுதி வைக்கலாம்" என்று பதில் சொல்வது சுலபம். லினக்ஸில் அது வேலையும் செய்யும். விண்டோஸில் கோப்பு முழுவதையும் பூட்டியிருந்தால் அந்தப் பெயரையே படிக்க முடியாது. அதனால் பூட்டும் பைட்டைத் தரவுக்கு வெகு தொலைவில் வைக்க வேண்டும். கோப்பின் முடிவுக்கு அப்பாலுள்ள பைட்டையும் பூட்ட விண்டோஸ் அனுமதிக்கிறது. எஸ்க்யூலைட்டும் தன் பூட்டுப் பைட்டை 1 ஜிகாபைட் எல்லையில்தான் வைத்திருக்கிறது. இப்படிச் செய்தால் பூட்டு நிற்கும், பெயரும் தெரியும். ஆனால் பூட்டை மதிக்காத நிரலைத் தடுக்கும் விண்டோஸின் கட்டாயத்தை இழக்கிறோம். எனக்கு இந்த விலை பரவாயில்லை. அரைவரி விதி இருப்பதால் தவறான எடை வராது, யார் பிடித்திருக்கிறார் என்று தெரியாமல் கிராணி கணினியையே அணைத்துப்போடும் ஆபத்தும் குறையும்.

விண்டோஸ் ஓட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் நன்மையும் ஒன்று உண்டு. திறந்த கோப்பை அங்கே அழிக்க முடியாது, பிழை 32 வரும். ஒவ்வொரு டெஸ்ட்டின் கடைசி வரியிலும் கோப்பை அழித்துப் பாருங்கள். லைப்ரரி எங்காவது மூட மறந்திருந்தால் அங்கே பிடிபடும். லினக்ஸ் பேசாமல் அழித்துவிட்டுப் போய்விடும்.

பகிர்வுக் கோப்புறையில் எழுதும் பக்கம் லினக்ஸ் என்றால் கெர்னல் பதிப்பைப் பாருங்கள். 5.4 வரைக்கும் ஃப்ளாக் பூட்டு எஸ்எம்பி (விண்டோஸ் பகிர்வுக் கோப்புறையின் நெறிமுறை) வழியாக அடுத்த கணினிக்குப் போகவே போகாது, இருவரும் பூட்டியதாக நினைத்துக்கொள்வார்கள். 5.5இலிருந்து போகும், ஆனால் அப்போது அது கட்டாயப் பூட்டாக மாறி, வேறு திறப்பிலிருந்து படித்தாலே அனுமதிப் பிழை தரும். ஒரே நிரல், ஒரே வரி, மூன்று நடத்தை. தற்காலிகக் கோப்புறை டெஸ்ட் எதுவும் இதைக் காட்டாது.

இதையெல்லாம் சேர்த்து நான் சொல்லும் ஏற்பாடு இது. வாசிப்பு டெஸ்ட்கள் டிஸ்க் இல்லாமல், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஓடட்டும். இரண்டு ப்ராசஸ் பூட்டு டெஸ்ட்கள் நிரலை மையக் களஞ்சியத்துக்கு அனுப்பும்போது லினக்ஸ், விண்டோஸ் இரண்டு கணினியிலும் ஓடட்டும், ஒவ்வொன்றுக்கும் பத்து செகண்ட் உச்சவரம்போடு. டெஸ்ட்டைக் கன்டெய்னருக்குள் ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள பயனராக) ஓட்டினால், அனுமதி மறுக்கப்பட வேண்டிய கோப்பும் திறந்துகொள்ளும், அந்த டெஸ்ட்டை அங்கே தவிர்க்க நிபந்தனை போடுங்கள். டிஸ்க் படிக்கும்போதே உள்ளீட்டுப் பிழை, நெட்வொர்க் நடுவில் அறுந்தது போன்றவற்றைக் கையால் வரவைக்க முடியாது, போலி ஓப்பனுக்கு உரிய இடம் அதுதான். பகிர்வுக் கோப்புறை டெஸ்ட்டைத் தனியாக வைத்து, பாதையைச் சூழல் மாறி ஒன்றில் கொடுத்தால் மட்டும் ஓடும்படி செய்யுங்கள். புதிய பதிப்பை ஒரு தோட்ட ஆபீஸில் ஏற்றும் நாளில், அந்த ஆபீஸின் கோப்புறையைக் கொடுத்து, அந்த இரண்டு கணினிகளிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிராணியிடம் ஒப்படைக்க வேண்டும். மாதத்தின் முதல் வாரத்தில் அந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.